கடலோரப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப: ஐப்பசியில் தொடங்கி ஜூன் வரை

நான் தேனிப் பக்கத்துக்காரி. முதல் வேலை ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரத் தொடக்கப்பள்ளியில். சேர்ந்த முதல் வாரம் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "அப்பா எங்கே?" என்று கேட்டேன். "தொழிலுக்குப் போயிருக்காக" என்றான். "என்ன தொழில்?" என்றேன். வகுப்பே சிரித்தது. இந்தக் கரையில் தொழில் என்றால் கடல்தான். இதுகூடத் தெரியாத டீச்சரா என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான் எடுத்தேன். இப்போது ஓய்வு. வீட்டுக்கு வரும் இளம் தாய்மார்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அடுத்த வருசம் இவள ஒண்ணாப்புல போடணும் டீச்சர், என்ன சொல்லிக் கொடுக்க?" முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் போகிறவர்களுக்காக, அவர்களிடம் சொல்வதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நகரத்துப் பெற்றோர் கோடை விடுமுறையில் தயார் செய்வார்கள். நமக்கு அது ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். கையில் காசு நிற்காது. பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். ஆகவே செலவு வைக்கும் வேலைகளையும் அலையவைக்கும் வேலைகளையும் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். தடைக்காலத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். எல்கேஜி என்றால் மூன்று. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை என்றால் ஓராண்டு பொறுக்க வேண்டியதுதான். அதில் ஒரு நட்டமும் இல்லை. வகுப்பில் மூத்த பிள்ளையாக இருப்பது, எல்லாரிலும் சின்னப் பிள்ளையாக இருந்து திணறுவதைவிட நல்லது என்பது நான் கண்கூடாகப் பார்த்தது. பழைய காலத்தில் தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நம் தாத்தாக்களில் பாதிப் பேர் பதிவேட்டின்படி ஜூனில் பிறந்தவர்கள். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அந்த வித்தை செல்லாது.

தனியார் பள்ளியில் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 விழுக்காடு இடத்தை நினைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சேர்க்கை பள்ளியின் நுழைவு வகுப்பில்தான். பெரும்பாலான தனியார் பள்ளிகளில் அது எல்கேஜி. ஐந்து வயதில் போய்க் கேட்டால் கதவு மூடியிருக்கும். மூன்று வயதிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் அது.

எந்தப் பள்ளி என்பதில் என் அளவுகோல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நம் ஊர்களை ஊடறுத்துப் போகிறது. ராமேசுவரம் போகும் நெடுஞ்சாலையில் சுற்றுலா வேன்கள் பறக்கின்றன. உங்கள் வீடு இருக்கும் பக்கத்திலேயே, சாலையைக் கடக்காமல் நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளியோ, கோவிலோ தேவாலயமோ ஜமாத்தோ நடத்துகிற உதவிபெறும் பள்ளியோ, எதுவானாலும் சரி. காலை ஏழரைக்கு வேனில் ஏறி இருபது கிலோமீட்டர் போய் மாலை ஐந்து மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு வரும் நாலு வயதுப் பிள்ளை என்ன ஆங்கிலம் பேசினாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அங்கன்வாடியை நிறுத்தாதீர்கள்

"அங்க சோறு தின்னுட்டுத் தூங்குறாங்க, அம்புட்டுத்தான்" என்று சொல்லி நாலு வயதில் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு வயதிலிருந்து முன்பருவக் கல்வி உண்டு. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று தனியாகப் பாடத்திட்டமே வைத்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை. இது எல்லாவற்றையும்விட, வேறு வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வதைக் கேட்டு, வேறு வீட்டுப் பிள்ளைகளோடு வட்டமாக உட்காரப் பழகுகிறதே, அதை வீட்டில் யாராலும் கற்றுத்தர முடியாது. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் யார் அங்கன்வாடியிலிருந்து வந்த பிள்ளை என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். தட்டைக் கழுவி வைக்கிற இடத்தைத் தேடும்.

சில நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருக்கும் அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யூகேஜி நடத்துகிறது. 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் தொடங்கியது. உங்கள் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனைத்தொழில் செய்யும் குடும்பங்கள் பருவத்தில் பனங்காட்டுக்கே குடிபோகும்போது பிள்ளையின் அங்கன்வாடி அறுந்துபோகிறது. போகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மையத்தில் தடுப்பூசி அட்டையைக் காட்டிச் சேர்த்துவிடுங்கள். "நாங்க வெளியூர்" என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை: வாய்க்கு வேலை

வாடை அடித்து மழை பிடித்துக்கொண்டால் தொழில் பாதி நாள் நடக்காது. வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை.

எழுத்து தெரியாமல் வந்த பிள்ளையால் எனக்கு ஒரு நாளும் கஷ்டம் வந்ததில்லை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. கஷ்டம் எதில் என்றால், வாயைத் திறக்காத பிள்ளையில். பசிக்கிறதா, வயிறு வலிக்கிறதா, பக்கத்துப் பையன் கிள்ளினானா, ஒன்றும் தெரியாது. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கும்.

பேச்சு வளர்க்கத் தனியாகப் பொருள் வாங்க வேண்டாம். மீன் ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இது காரல், இது சூடை, இது நகரை, இது முரல். எதற்கு முள் அதிகம், எதற்குச் செதில் இல்லை, எது குழம்புக்கு, எது கருவாட்டுக்கு. பெயர் சொல்லிப் பழகிய பிறகு விளையாட்டாக மாற்றுங்கள்: "நண்டு, நகரை... இன்னும் 'ந'-வுல என்ன இருக்கு?" பிள்ளை "நெத்திலி" என்று சொன்னால், அது 'நெ' ஆயிற்றே என்று திருத்தாதீர்கள். முதல் ஓசையைக் காது பிடித்துவிட்டது, இப்போதைக்கு அது போதும். எழுத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பு ஓசையைக் காது பிரித்துப் பார்க்க வேண்டும். படிப்பதற்கு அடித்தளமே அங்கேதான் விழுகிறது. ஆனா ஆவன்னாவை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தும், 'கணவாய்' எந்த ஓசையில் தொடங்குகிறது என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகள் நிறைய.

கதை ராத்திரிக்கு. ஆச்சியோ நன்னியோ சொல்லும் கதையை மறுநாள் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழப்பிச் சொல்லும். நரியும் முதலையும் இடம் மாறும். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். "அப்புறம்?" மட்டும் போதும்.

வீட்டுப் பேச்சை மாற்றி, "தூய தமிழில்" பேசவைக்க முயல்கிற தாய்மாரும் உண்டு. வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளை வாப்பா, உம்மா, ராத்தா என்றுதான் பேசும். வேதாளைப் பிள்ளைக்கும் தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கும் சொற்கள் வேறு. அதை மாற்றினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பாடப்புத்தகச் சொல் தானாக வந்து சேரும். ஒரே ஒரு விதிவிலக்கு, கழிப்பறை விஷயம். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சொல் வைத்திருப்பீர்கள். பக்கத்துப் பள்ளியொன்றில் மேற்கே இருந்து புதிதாக வந்த ஆசிரியைக்கு ஒரு பெண்பிள்ளை இரண்டு முறை சொன்ன சொல் விளங்கவில்லை. மூன்றாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை, பாவாடை நனைந்துவிட்டது. அந்தப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்கே வரவில்லை. "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று எந்த ஊர் ஆசிரியருக்கும் புரிகிற மாதிரி, சத்தமாக, வெட்கப்படாமல் சொல்லப் பழக்குங்கள்.

கைபேசி பற்றி ஒரு வரி. கடற்பாசி எடுக்கவும் மீன் ஏலத்துக்கும் விடியலிலேயே போகிற வீட்டில் பிள்ளை கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போவது எனக்குப் புரிகிறது, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அது பதில் பேசாது. பிள்ளை பேசினால் கேட்காது.

தை, மாசி: கைக்கு வேலை

விஜயதசமியன்று ஏடு தொடங்கியாயிற்று, இனிமேல் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். அந்த வயதுக் கையில் எலும்பும் தசையும் இன்னும் முற்றவில்லை. பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தி, தோள் வலிக்க எழுதும். தவறான பிடி ஒட்டிக்கொண்டால் ஒன்றாம் வகுப்பில் அதை மாற்ற எங்களுக்கு ஆறு மாதம் ஆகிறது.

கடற்கரை இருக்கும்போது நோட்டு எதற்கு? நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பித்தான் எழுதினார்கள். தண்ணீர் வற்றி வெளுக்கும் நேரத்தில் ஈரமணல் பலகை மாதிரி கிடக்கும். அங்கே கூட்டிப்போய் ஆட்காட்டி விரலால் பெரிய பெரிய கோடு போடச் சொல்லுங்கள். நேர்கோடு, படுக்கைக்கோடு, வட்டம், அலை, சுழி. கை தோளிலிருந்து அசைய வேண்டும். இது நன்றாக வந்த பிறகு எழுத்து. 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. அதிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்குத் தெம்பு வரும். 'அ' எழுத வைத்துத் தொடங்குவது மரியாதைக்குச் சரி, விரலுக்குச் சரியில்லை. தமிழ் நெடுங்கணக்கில் சுழியும் வளைவும் கூடிய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

விரல் நுனிக்குப் பலம் வர வேறு வேலைகள்: சிப்பியில் நூல் கோப்பது, புளியில் கொட்டை எடுப்பது, பனங்கிழங்கு நாரை உரிப்பது (தை மாதம் கிழங்கு வரும்போது வீடு முழுக்க நார்தான், பிள்ளைக்கும் கொடுங்கள்), பனை ஓலையில் காத்தாடி மடிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, துணிக்கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டுவது. கிழிந்த வலையைப் பொத்துகிற தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடித்துக் கொடுக்கும் பிள்ளைக்குப் பென்சில் பிடி தானாக வரும். கத்தரிக்கோல் வேலையும் முக்கியம். முனை மழுங்கியதாகப் பார்த்து வாங்கிப் பழைய செய்தித்தாளைக் கொடுங்கள்.

சிப்பி பொறுக்கும்போது ஒன்று. கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பி போதும். பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை என்று வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

எண்ணுக்கு வருவோம். நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஏழு சிப்பி எடுத்துட்டு வா" என்றால் இரண்டு கை நிறைய அள்ளி வரும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு சிப்பியைத் தொட்டு ஒரு எண் சொல்லி அடுத்ததற்குப் போகப் பழக்குங்கள். பத்து வரை போதும். ஒன்றாம் வகுப்புக்குள் நுழைய அதற்கு மேல் வேண்டாம்.

நம்மிடம் இருக்கும் அருமையான கணக்குப் பாடம் கூறு கட்டுவது. நெத்திலியையோ காரலையோ கூறு போட்டு விற்கும்போது, "எல்லாக் கூறும் ஒண்ணு போல இருக்கா பாரு" என்று பிள்ளையைக் கேளுங்கள். எது அதிகம், எது குறைவு, எதிலிருந்து எடுத்து எதில் போட்டால் சமம். இரண்டாம் வகுப்பில் பெருக்கல் என்று நாங்கள் படம் வரைந்து விளக்குவது இதைத்தான். அளவில் பெரியது சிறியது என்று அடுக்குவது, ஒரே வகையை ஒன்றாகச் சேர்ப்பது, இதெல்லாம் ஏலக் கரையில் தினமும் நடக்கிறது. பிள்ளையைப் பார்வையாளராக நிறுத்தாமல் கையைவிடச் சொல்லுங்கள். பல்லாங்குழியும் நல்லது. மணலைக் கரையாகக் குவித்துக் குச்சியை ஒளித்துவைக்கும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் நல்லது. தன் முறைக்குக் காத்திருக்கவும் தோற்றால் அழாமல் இருக்கவும் அது பழக்கும்.

பங்குனிக்குள்: காகிதங்கள்

சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழை எடுத்து முதலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிந்த பல சான்றிதழ்களில் அப்பா அம்மா பெயர் இருக்கும், பிள்ளை பெயர் இருக்காது. பிறந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்கட்டும். முகம்மது என்று ஒன்றில், முஹம்மது என்று மற்றொன்றில். அந்தோணி ஒன்றில், அந்தோனி இன்னொன்றில். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் என்ன ஏறுகிறதோ அதுதான் மாற்றுச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் போய் நிற்கும். பிறகு திருத்த அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சேர்க்கை நாளில் ஆசிரியர் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து நிறைந்ததும் கைரேகை, கருவிழி பதிந்து புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய்வர நாளாகும். வங்கிக் கணக்கு, புகைப்படம் எல்லாம் பள்ளியில் கேட்டுக்கொண்டு எடுக்கலாம்.

ஏதாவது ஒரு காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உடம்புக்கும் இதே மாதத்தில் ஒரு பார்வை. ஐந்து, ஆறு வயதுக்கு இடையில் போடும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) ஊக்க ஊசி பலருக்கு விட்டுப்போகிறது. ஒன்றரை வயதோடு ஊசி முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வரும். அன்று பிள்ளையை விடுப்பு எடுக்கவைக்காதீர்கள். கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் பிள்ளைக்குக் காது ஒழுகினால் "கடல் தண்ணி, சரியாப் போகும்" என்று விடுவது இங்கே வழக்கம். சீழ் வடியும் காது சரியாகக் கேட்காது. வகுப்பில் "சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை" என்று பெயர் வாங்கிய இருவரை நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவர்களைத் திட்டிய நாள்களை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

தடைக்காலம்: அப்பா வீட்டில் இருக்கும் 61 நாள்

மற்ற மாதங்களில் அப்பா விடியலில் வந்து தூங்குவார், அல்லது கடலில் இருப்பார். இப்போது அவர் கரையில் இருக்கிறார். படகு பழுது பார்க்க, வலை பொத்த, பெயின்ட் அடிக்க வேலை இருக்கும்தான், ஆனால் ராத்திரி வீட்டில் இருப்பார். பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள் என்பதுதான் நான் தள்ளிவைத்த விஷயம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. அங்கே மாமாவோ தாத்தாவோ பொறுப்பெடுக்கட்டும்.

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். படகு வரும் நேரத்துக்கு எழுந்து, கரைக்கு ஓடி, பத்து மணிக்கு மறுபடி தூங்குகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஆறரைக்கு எழ மூன்று வாரமாவது பழக வேண்டும்.

கழிப்பறை அடுத்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். கரைப்பக்கம் ஒதுங்கிப் பழகிய பிள்ளைக்கு நாலு சுவரும் தாழ்ப்பாளும் உள்ள இருட்டறை பயம் தரும். பள்ளிக் கழிப்பறைக்குள் போக மறுத்து மதியம் வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். வீட்டில் கழிப்பறை இருந்தால் அங்கேயே, இல்லாவிட்டால் உறவினர் வீட்டில், கதவைச் சும்மா சாத்திக்கொண்டு உட்காரவும், தானே கழுவவும், தண்ணீர் ஊற்றவும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் பழக்குங்கள். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

கால்சட்டை ஊக்கு, பொத்தான், ஜிப் எல்லாம் ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம். அவசரத்தில் இன்னும் கஷ்டம். முதல் மாதங்களுக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். செருப்பு இடம் வலம் மாறாமல் இருக்க இரண்டின் உள்விளிம்பிலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியும் புள்ளியும் ஒட்டி நின்றால் சரியான கால். தண்ணீர்ப் புட்டியைத் தானே திறந்து மூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார்ட்டூன் படத்தைப் பார்த்துப் பெற்றோர் வாங்கிக் கொடுத்த புட்டிகளின் மூடியைத் திறந்துவிட நாற்பது பிள்ளைகளுக்கும் நான் கை வலிக்க நின்றிருக்கிறேன்.

சாப்பாடு. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா இடத்திலும் காலை உணவு உண்டு. பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். மதியம் சத்துணவோடு முட்டை. விடியலில் ஏலத்துக்கு ஓடும் தாய்க்கு இது பெரிய விடுதலை. ஆனால் காலையில் பழைய சோறும் மீன்குழம்பும் தின்று வளர்ந்த பிள்ளை, உப்புமாவைக் கண்டு முகம் திருப்பும். தடைக்காலத்தில் வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே அதைச் செய்து கொடுத்துவிடுங்கள். ஊட்டிவிடுவதையும் இப்போதே நிறுத்துங்கள். சிந்தினால் சிந்தட்டும்.

பிறகு பள்ளியைக் கண்ணில் காட்டுவது. சாயந்தர நேரம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல் வரை நடந்து போய்விட்டு வரட்டும். எந்த வழியில் போகிறோம், எங்கே நாய் இருக்கும், யார் வீடு தெரிந்த வீடு. தன் முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், தெருப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "அங்கிட்டுப் போ, டீச்சர் தோல உரிச்சிருவாக" என்று பிள்ளையை மிரட்டுகிற தாத்தா, சித்தப்பா யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் வாயை அடைப்பது உங்கள் பொறுப்பு. அவர் வேடிக்கையாகச் சொன்னதை முதல் நாள் என் மடியில் ஏறாமல் அலறும் பிள்ளை நம்பிவிட்டிருக்கும்.

புதுப் பை, புதுச் சட்டை என்று கடன் வாங்காதீர்கள். சீருடை, புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் அரசு தருகிறது. முதல் நாளே எல்லாம் வந்துவிடாது, கொஞ்சம் முன்பின் ஆகும். அதுவரை வீட்டில் இருக்கும் சட்டையில் வந்தால் யாரும் வெளியே நிறுத்த மாட்டார்கள்.

பள்ளி திறந்த பிறகு

ஜூன் முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ திறப்பார்கள். வெயில் கொளுத்தினால் தள்ளிப்போகும். முதல் வாரம் பிள்ளை அழும். அழாத பிள்ளை இரண்டாம் வாரம் அழும். விட்டுவிட்டு, "சோறு தின்னதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். சன்னலில் எட்டிப் பார்க்கும் ஆச்சிகள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அடங்கிய அழுகை ஆச்சியின் முந்தானையைக் கண்டதும் மறுபடி கிளம்பும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. இரண்டு மாதம் பள்ளி வாசல் வரை கைப்பிடித்து வந்த அப்பா திடீரென்று கடலில் இருப்பார். பிள்ளைக்கு அது இரட்டைப் பிரிவு. முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசி இரண்டு நாள் அம்மாவோ ஆச்சியோ கொண்டுவந்து விட்டுப் பழக்கிவிட்டால் அடி கொஞ்சம் குறையும். படகு போன முதல் வாரம், மீன்பாடு நன்றாகப் பட்டு வீடு கலகலவென்று இருக்கும்போது, "இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டா என்ன" என்று தோன்றும். ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் விடுப்பு அப்படியே ஒரு வாரத்து அழுகையைத் திருப்பிக் கொண்டுவரும்.

வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன எழுதுன?" என்று பையைக் கொட்டிப் பார்க்காதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. நோட்டு காலியாக இருந்தால் ஆசிரியர் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யாரோடு விளையாடினாய், முட்டையைத் தின்றாயா என்று கேளுங்கள். காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு வரும் பிள்ளைக்கும், சாயந்தரம் கோவிலுக்கோ மறைக்கல்விக்கோ போகும் பிள்ளைக்கும் நடுவில் அரைமணி நேரமாவது ஓடியாட விடுங்கள்.

கடைசியாக, முதல் வாரத்திலேயே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து மூன்று தகவல் கொடுத்துவிடுங்கள். பிள்ளையை யார் யார் கூட்டிப்போக வருவார்கள். என்ன தின்றால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். பதிவேட்டில் எல்லாரும் அப்பாவின் கைபேசி எண்ணைத்தான் எழுதுகிறார்கள். நடுக்கடலில் அது எடுக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு மதியம் முழுக்க நான் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கரையில் இருப்பவர் ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.